மலைநாட்டு மைதானமும் மறவாத ஆட்டங்களும்

மலைநாட்டிலே மழைக்குக் குறைவில்லை, பனிக்குக் குறைவில்லை, பசுமைக்கும் குறைவில்லை. குறைவாயிருப்பது ஒன்றே: சமதரை. ஏறுவதும் இறங்குவதுமாய்க் கிடக்கும் அந்நிலத்தில் நூறு யார் தூரம் நேராக ஓடக்கூடிய ஓர் இடத்தைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. அத்தகைய இடம் எங்கே வாய்த்ததோ, அங்கே துரைமார் முதலில் தங்கள் விளையாட்டரங்கை அமைத்துக்கொண்டனர். நானுஓயாவை அடுத்த றதெல்ல மைதானமும், டிக்கோயாப் பக்கத்து டரவளை மைதானமும் தோட்டத் துரைமாரின் கழகங்களுக்கென உண்டானவை. அங்கே கிரிக்கெட் நடந்தது, றகர் நடந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு ஆட்டம் புரிந்ததோ இல்லையோ, புல் எவ்வளவு சமமாக வெட்டப்பட்டிருந்தது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அப்புல்லை வெட்டியவர்கள் அவர்களே அன்றோ!

தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிய இடங்கள் வேறு. தேயிலை ஸ்டோருக்கு முன்னால் விறகு அடுக்கும் வெளி, கோயிலடி, நாற்றுமேடை இருந்து கைவிடப்பட்ட திடல், லொறி திரும்புவதற்கென்று பாதை வளைவிலே விட்ட இடம் - இவையே அவர்களுடைய மைதானங்கள். ஒரு பக்கம் மலை சுவர்போல எழுந்து நிற்கும்; மறுபக்கம் கொழுந்து மலை சரிந்து ஆற்றை நோக்கிப் போகும். பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் ஆட்டம் நின்றுவிடும். சிறுவன் ஒருவன் தேயிலைச் செடிகளுக்கிடையே வழுக்கிக்கொண்டு இறங்குவான். பந்தைத் தேடி எடுத்துக்கொண்டு, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மூச்சு வாங்க ஏறிவருவான். அதுவரையில் இரு கட்சியாரும் இடுப்பிலே கைவைத்து நிற்பர். இந்த இடைவேளைகளையும் கணக்கிற் சேர்த்தால், ஒரு மணி நேர ஆட்டம் பொழுது சாயும்வரை நீண்டுவிடும். இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்த மலைநாட்டு உதைபந்தாட்ட இரசிகர்கள் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், முதலில் வருவது கோலைப் பற்றிய பேச்சன்று. பந்து உருண்டுபோன பள்ளத்தைப் பற்றிய பேச்சே.

இத்தகைய நிலத்திலிருந்து ஒரு கழகம் புறப்பட்டு, நாட்டின் முதல்தரச் சுற்றுப்போட்டியிலே கொழும்புக் கழகங்களோடும் படைத்துறைக் கழகங்களோடும் எதிர்நின்று ஆடியது. நாவலப்பிட்டியின் ‘அப் கன்ட்ரி லயன்ஸ்’ கழகமே அது. நிருவாகக் கணக்கின்படி நாவலப்பிட்டி கண்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை மக்களுக்கு அது வாசற்படி போன்ற ஊர். 1874 ஆம் ஆண்டிலே புகையிரதம் நாவலப்பிட்டியை வந்தடைந்தது. அங்கிருந்து ஹற்றனுக்கு ஏறுவதற்கு மேலும் பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. 1885 இல் அது நானுஓயாவை எட்டியது. மேலே போகும் அரிசிமூட்டையும் கீழே வரும் தேயிலைப் பெட்டியும் நாவலப்பிட்டியைத் தொட்டே செல்லவேண்டியிருந்தபடியால், கடைவீதியிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்து வாழ்ந்தனர். கழகத்தின் ஆட்டக்காரரும் அதன் இரசிகரும் அப்படிப்பட்ட கலப்பிலே தோன்றியவர்கள். சற்றுக் கீழே கம்பளையிலே ‘கிறிஸ்டல் பெலஸ்’ என்றொரு கழகம். இலண்டன் மாநகரத்துக் கழகம் ஒன்றின் பெயரை அது எடுத்துக்கொண்டது. 2010களின் பிற்பகுதியிலே இவ்விரு கழகங்களும் சம்பியன்ஸ் லீக் சுற்றுப்போட்டியில் ஆடிய காலத்தை, மகாவலிக் கரையின் பொற்காலம் என்று சொல்லுவோர் உளர். பொற்காலம் என்பது சற்று மிகையே. கிண்ணங்கள் கொழும்புக்கும் கடலோரத்துக்குமே போயின. இருப்பினும், பக்கத்து ஊர்க்காரனை எதிர்த்து நாட்டின் உயர்ந்த சுற்றுப்போட்டியிலே ஆடுவது என்பது, கிண்ணம் வாங்குவதற்கு அடுத்தபடியான இன்பம் அன்று. சில சமயம் அதைவிடப் பெரிய இன்பம்.

கழகத்தின் பெயரைப் பற்றி இங்கே ஒரு சொல். ‘லயன்ஸ்’ என்றால் சிங்கங்கள் என்பது ஆங்கிலம் படித்தவர் கொள்ளும் பொருள். தோட்டத்துத் தமிழிலோ ‘லயன்’ என்பதற்கு வேறொரு பொருள் நூறாண்டுக்கு மேலாக நிலைபெற்றுவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாய் ஒட்டிக்கிடக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கே லயன் என்று பெயர். அதையே லயம் என்றும் சொல்லுவர். ஆகவே, சம்பியன்ஸ் லீக் அட்டவணையிலே ‘லயன்ஸ்’ என்ற பெயரைக் கண்ட தோட்டத்து இளைஞர், ‘சிங்கமா, நம்ம லயமா?’ என்று கேட்டு நகைத்துக்கொண்டனர். நகைப்பாகத் தொடங்கிய அக்கேள்விக்குள்ளே ஓர் உரிமைப் பேச்சும் ஒளிந்திருந்தது. மலைநாட்டு மக்களின் இருப்பிடப் பெயரே இகழ்ச்சிச் சொல்லாகக் கையாளப்பட்ட காலம் உண்டு. அதே ஒலியுடைய பெயர் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலே, வெற்றி தோல்விக் கணக்கோடு அச்சேறியது. மொழியியலார் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்; இரசிகர்கள் மொழியியலாரைக் கேட்கவும் இல்லை.

ஒரு கழகத்தின் பழைய பருவகாலங்களை இரசிகர் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்வது சுவையான காரியம். நாட்டின் நினைவு ஒருவிதம். 1939 இல் இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. 1952 இல் உலகச் சம்மேளனத்திலே சேர்ந்தது. அதே 1952 இல் கொழும்பு நகரிலே இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நாடுகள் மோதிய நாற்கோணச் சுற்றுப்போட்டி நடைபெற்றது. 1995 இல், அதே நகரிலே, தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்திய அணியை மேலதிக நேரத்தில் ஒரே ஒரு கோலால் வென்றது. இவை அச்சிலே உள்ளவை. மலைநாட்டு இரசிகரின் நாட்காட்டியோ அச்சிலே இல்லை. அவர் 1974 என்று சொல்லமாட்டார்; ‘பாணுக்கு வரிசையில் நின்ற வருஷம்’ என்பார். 1975 என்று சொல்லமாட்டார். ‘கம்பனித் தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருஷம்’ என்பார். 1992 என்பதற்கு, ‘தோட்டம் மறுபடி கம்பனிக்குப் போன வருஷம்’ என்பார். 1983 ஐப் பற்றிக் கேட்டால், ‘அந்த வருஷம் ஆட்டம் இல்லை’ என்று மட்டும் சொல்லி, வெற்றிலைப் பையைத் திறப்பார்.

ஆகவே, பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றிய பேச்சு, ஆட்டத்தோடு நிற்பதில்லை. யார் கோல் போட்டான் என்ற கேள்வியை அடுத்து, அவன் அப்போது எந்த டிவிஷனில் வேலை செய்தான், அவன் தகப்பனுக்கு அந்த மாதம் எத்தனை நாட்பேர் விழுந்தது, அவனுக்குச் சப்பாத்து வாங்க யார் யார் ஐந்து ரூபாய் கொடுத்தார்கள் என்றெல்லாம் கதை விரியும். சப்பாத்துக் கதை இல்லாத மலைநாட்டு உதைபந்தாட்ட நினைவே இல்லையெனலாம். ஒரு சோடிச் சப்பாத்தை இருவர் பங்கிட்டு, வலக்காலால் உதைப்பவன் வலதையும் இடக்காலால் உதைப்பவன் இடதையும் அணிந்து ஆடியதாகச் சொல்லும் கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. எல்லாத் தோட்டங்களிலும் அது நடந்திருக்க முடியாது. ஆனால் எங்கோ ஓரிடத்தில் நடந்திருக்கவேண்டும். வெறுங்காலால் ஆடுவது இழிவென்று அம்முதியோர் எண்ணியதுமில்லை. 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே இந்திய அணியினருட் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி, 2 க்கு 1 என்ற கணக்கிலேயே தோற்றனர். அன்று இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இச்செய்தி மலைநாட்டு இரசிகர்களுக்கு ஒரு சாட்சிப் பத்திரம் போன்றது. நான்காண்டு கழித்து ஹெல்சிங்கியிலே யூகோசிலாவியா 10 கோல் போட்ட கதையை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. நினைவுக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுதான் போலும்.

தூரங்களும் ஆண்டுக்கு ஆண்டு வளரும். இருபது யார் தொலைவிலிருந்து அடித்த பந்து, பத்தாண்டு கழித்து முப்பது யாராகும். அடித்தவன் ஊரைவிட்டுப் போயிருந்தால் நாற்பதாகவும் ஆகும்.

ஊரைவிட்டுப் போனவர்கள் என்ற சொல் மலைநாட்டிலே இலேசான சொல் அன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள 1974 இல் மற்றோர் உடன்பாடு. இவ்வெண்கள் ஏட்டிலே நேராக நிற்கின்றன. லயத்திலே அவை நேராக விழவில்லை. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமை. தோட்டத்து உதைபந்தாட்ட அணியிலே பதினொருவர் இருந்தால், அவர்களில் யார் யாருக்கு எந்த நாடு என்பது பதினொரு வெவ்வேறு கோப்புகளிலே கிடந்தது. கோல் காப்பவன் போய்விட்டால் மற்றொருவனை நிறுத்தலாம். நடுக்களத்திலே ஒருவரை ஒருவர் பாராமலே பந்தைக் கொடுத்து வாங்கப் பழகிய இருவரில் ஒருவன் போய்விட்டால், அவனுக்கு ஈடாக யாரை நிறுத்துவது?

ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. போகிறவரும் அழ, வழியனுப்புவோரும் அழ, மேடையை விட்டு அவ்வண்டி நகரும். தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். 1984 இல் அக்கப்பற் பயணம் நின்றது. அதற்குள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடலைக் கடந்துவிட்டனர். அவர்களுட் பலர் நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு நிறுவிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தனர். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுக்கு ‘சிலோன்காரர்’ என்று பெயர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். அங்கிருந்து வந்த கடிதங்களிலே பிள்ளைகளின் சுகம், கூலி, குளிர் ஆகியவற்றை எழுதி முடித்த பின்னர், அடியிலே நெருக்கிப் போட்ட ஒரு வரியில், ‘இந்த வருஷம் நம்ம டீம் எப்படி?’ என்று கேட்டவர்கள் உண்டு. அவ்வணியிலே எஞ்சியிருந்தவர் நால்வரோ ஐவரோ. ஆயினும் கேள்வி ‘நம்ம டீம்’ என்றே வந்தது.

இவ்வாறு நிலத்தை இழந்தவர் அணியை இழக்காமல் வைத்திருப்பது மலைநாட்டுக்கே உரிய புதுமை என்று சொல்வதற்கில்லை. கல்கத்தாவிலே 1920 இல் தோன்றியது ஈஸ்ட் பெங்கால் கழகம். 1947 இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்தைவிட்டு வந்த அகதிகளுக்கு, பிறந்த ஊரின் பெயரைத் தாங்கி நின்றது அக்கழகம் ஒன்றுதான். 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்றாண்டுகள் அது ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. அந்நாளில் அதன் முன்னணியில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் பஞ்ச பாண்டவர் என்றே இரசிகர் அழைத்தனர். ஐவரும் தென்னாட்டிலிருந்து சென்றவர்கள்! வங்காளத்து அகதி தன் ஊரின் பெருமையைத் தென்னாட்டாரின் கால்களிலே கண்டான். அதே கல்கத்தாவின் மற்றொரு பெருங்கழகமாகிய மோகன் பகான், 1911 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் நாள் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2 க்கு 1 என்று வென்றதை, நூறாண்டு கடந்த பின்னும் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுகிறது. அன்று ஆட்டத்தைக் கண்டவர் ஒருவரும் இன்று உயிரோடில்லை. நினைவு மட்டும் நாளும் நேரமும் பிசகாமல் நிற்கிறது. காரணம், அதை எழுதிவைத்தார்கள்.

மலைநாட்டில் எழுதிவைத்தவர் குறைவு. இதற்குக் கல்விக் குறையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின; அதற்கு முன் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரை விரல் விட்டு எண்ணலாம் என்பதும் மெய்யே. எனினும் அது பாதிக் காரணம். மற்றப் பாதி, எழுதத் தெரிந்தவர்கள் இதனை எழுதத்தக்க பொருளாக எண்ணாதது. கங்காணியின் பரம்பரையை எழுதினார்கள். கோயிற் கும்பாபிஷேகத்துக்கு மலர் வெளியிட்டார்கள். தொழிற்சங்க மாநாட்டுத் தீர்மானங்களை அச்சிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலே யார் எத்தனை கோல் போட்டார்கள் என்பதை எழுத ஒரு கொப்பி செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இனிக் காண்போம். ஹற்றனிலே டன்பார் மைதானம். நாவலப்பிட்டியிலே ஜயதிலக்க மைதானம். லயன்ஸ் அணிக்குச் சொந்த மண்ணிலே ஆட்டம் என்றால், மேலே பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்து இளைஞர் காலையிலேயே புறப்படுவர். சனிக்கிழமை இரவே சட்டை மடித்துத் தலையணையின் கீழ் வைக்கப்பட்டிருக்கும். ஹற்றன் வரை ஒரு பேருந்து. அதன்பின் வண்டியோ, வேறு பேருந்தோ. றொசல்ல, வட்டவளை, கல்போடை என்று வண்டி வளைந்து வளைந்து இறங்கும். வட்டவளை இலங்கையிலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. அங்கே வானம் கறுத்திருந்தால் ஆட்டம் நடக்குமா என்று வண்டிக்குள்ளேயே வாதம் தொடங்கிவிடும். மழைக்காலத்து ஆட்டத்தின் தன்மையே வேறு. நனைந்த பந்து கல்லைப் போல் கனக்கும். மலைநாட்டுக் கழகங்கள் சேற்றிலே வல்லவை என்பதும், கடலோரத்தார் மணலிலே ஓடிப் பழகியவர்களாதலால் சேற்றில் திணறுவர் என்பதும் இரசிகரின் உறுதியான கொள்கை. மழை பெய்தும் தோற்ற நாட்களை அக்கொள்கை கணக்கில் எடுப்பதில்லை.

மைதானத்திலே அவர்கள் நிற்கும் இடமும் வரையறுத்தாற்போல் இருக்கும். கொட்டகையிலே நாற்காலிகள் பெரியவர்களுக்கு. தோட்டத்திலிருந்து வந்தவர் கோலுக்குப் பின்னால், மேட்டிலே நிற்பர். அங்கிருந்து பார்த்தால் ஆட்டம் முழுவதும் தெரியாது. ஆனால் எதிரணியின் கோல் காப்பாளன் காதிலே விழும்படி எதையும் சொல்லலாம். அந்த மேட்டிலேதான் மூன்று மொழிகளும் ஒன்றாய்க் கலந்து ஒரே கூச்சலாக எழும். மத்தியஸ்தரை வைவதற்குச் சிங்களமே பொருத்தம் என்று தமிழரும், ஆட்டக்காரனைத் தேற்றுவதற்குத் தமிழே பொருத்தம் என்று சிங்களவரும் கருதினர் போலும், அவ்வாறே நடந்தது.

பெண்களின் நினைவைப் பற்றி இதுவரை எதுவும் சொல்லப்படவில்லை. பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசும் தேநீர்க் கடைகளிலே அவர்கள் இல்லை என்பதே காரணம். ஆனால் தோட்டத்து மைதானம் எப்போதும் ஏதாவது ஒரு கொழுந்து மலையின் அடியிலேயே கிடக்கும். கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், மேலே நிரையிலே நின்ற பெண்களே அந்த ஆட்டங்களை முழுமையாகக் கண்டவர்கள். முழு மைதானமும் அங்கிருந்துதான் தெரியும். மகனோ தம்பியோ விழுந்தால் கூடையோடு ஓடிவந்தவர்களும் அவர்களே. எந்த ஆட்டத்தில் யாருக்குக் கால் முறிந்தது, எந்த வைத்தியரிடம் கொண்டு போனார்கள், எத்தனை நாள் பேர் இழந்தான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை. கேட்டால், கழகத்தின் வரலாறு வேறு விதமாக அமையக்கூடும்.

2021 ஆம் ஆண்டு வந்தது. இலங்கையில் முதன்முதலாகத் தொழின்முறை உதைபந்தாட்டம் என்ற பெயரோடு ‘சுப்பர் லீக்’ ஏப்பிரல் மாதத்தில் தொடங்கியது. பத்துக் கழகங்கள்: களுத்துறை புளு ஸ்டார், கொழும்பு, றினோன், ரத்னம், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவ நியூ யங்ஸ், தரைப்படையின் டிபென்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளு ஈகிள்ஸ், பத்தாவது அப் கன்ட்ரி லயன்ஸ். மலைநாட்டிலிருந்து சென்ற கழகம் அது ஒன்றே. அதற்குச் சற்று முன்னர், மார்ச் மாதத்திலேதான், பல்லாண்டுப் போராட்டத்தின் பின் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று சட்டமாயிற்று. ஆகவே மலைநாட்டு நாட்காட்டியிலே அப்பருவகாலம் ‘ஆயிரம் ரூபாய் வருஷம்’ என்று பதிவாகிவிட்டது. பந்தை உதைப்பதற்கும் ஒப்பந்தம் எழுதிச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதைக் கேட்ட முதியோர் சிலர் முகஞ்சுளித்தனர். சம்பளத்துக்கு ஆடுகிறவன் தோற்றால் அழுவானா என்பது அவர்களுடைய ஐயம். இளைஞர் அதற்குச் சொன்ன விடை கூர்மையானது: நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறிப்பதற்கே சம்பளம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த சனம், விளையாட்டுக்கு மட்டும் ஏன் இலவசமாக ஓடவேண்டும்? வாதத்தில் இளைஞர் பக்கமே நியாயம் உண்டு.

எனினும் முதியோரின் முகச்சுளிப்புக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பருவகாலத்து ஆட்டங்கள் பெரும்பாலும் கொழும்பிலே நடந்தன. கொரோனாத் தொற்று பரவிய காலம். கூட்டம் கூட இயலாது. சுற்றுப்போட்டியே இடையில் நின்று, பின்னர் தொடர்ந்து, ஆண்டின் பிற்பகுதியில் முடிந்தது. புளு ஸ்டார் வாகை சூடிற்று. நாவலப்பிட்டியின் மேட்டிலே நின்று கூவியவர்கள் லயத்து அறையிலே கைபேசியின் சிறு கண்ணாடிக்குள் தங்கள் அணியைப் பார்த்தார்கள். மலையின் மறைவிலே சமிக்ஞை அறுந்துபோனால், உருவம் உறைந்து நிற்கும். ஓடிய வீரன் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பான். மறுபடி உயிர் வரும்போது கோல் விழுந்திருக்கும். அந்தப் பருவகாலத்தைப் பற்றி அவர்களுக்குள்ள நினைவு இத்தகைய துண்டுகளாகவே இருக்கிறது. எந்தக் கோலையும் யாரோடும் தோளுரசி நின்று அவர்கள் கண்டதில்லை.

அதன்பின் வந்தவை நல்ல ஆண்டுகள் அல்ல. 2022 ஏப்பிரலில் புளு ஸ்டார் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்காகக் கல்கத்தா சென்று மோகன் பகானிடம் 5 கோல்களால் தோற்றது. அதே ஆண்டு எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றது. பேருந்தே ஓடாதபோது மைதானத்துக்கு யார் போவது? 2023 ஜனவரியிலே உலகச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்டிலே அத்தடை நீங்கிற்று. இடைப்பட்ட அக்காலத்திலேதான் மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் சென்றனர். முன்னோர் நடந்த காட்டுவழியை நினைவிலே வைத்து நடந்த அந்த இளைஞரில், மைதானத்து மேட்டிலே நின்று பழகியவர்களும் இருந்திருப்பர்.

இனி, அந்த மேட்டைப் பற்றிய ஒரு செய்தியோடு நிறுத்தலாம். தோட்டங்களுக்குப் போகும் கடைசிப் பேருந்து ஹற்றனிலிருந்து பொழுது சாய்ந்த சற்று நேரத்தில் புறப்பட்டுவிடும். நாவலப்பிட்டியிலிருந்து அதைப் பிடிக்கவேண்டுமானால், ஆட்டம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போதே மேட்டைவிட்டு இறங்கவேண்டும். ஆகவே, மேலே உள்ள தோட்டத்து இரசிகர்களுக்குத் தங்கள் அணியின் பெரும்பாலான ஆட்டங்களிலே கடைசிக் கால் மணி நேரம் தெரியாது. நிலையத்தை நோக்கி ஓடும்போது பின்னால் எழும் கூச்சலைக் கேட்டுத்தான், கோல் விழுந்தது நமக்கா அவர்களுக்கா என்று ஊகிக்கவேண்டும். கூச்சல் நீண்டால் நமக்கு. சட்டென்று அடங்கினால் அவர்களுக்கு. ஹற்றனில் இறங்கி, தேநீர்க் கடையில் நிற்கும்போது, அடுத்த வண்டியில் வருபவன் முடிவைக் கொண்டுவருவான். வராத நாட்களில் ஊகமே முடிவாகிவிடும். சில ஆட்டங்களுக்கு இன்றளவும் இரண்டு முடிவுகள் உள. மஸ்கெலியாப் பக்கத்தில் அவை சமநிலை. பொகவந்தலாவைப் பக்கத்தில் வெற்றி. இரு பக்கத்தாரும் ஹற்றன் பேருந்து நிலையத்திலே சந்திக்கும்போது அந்தக் கால் மணி நேரத்தை மறுபடியும் ஆடுகிறார்கள்.